கணக்குக் கேட்கும் உரிமை

என் தந்தையார் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலே உழைத்தவர். 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் நேரு அவர்கள் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மண்ணைப் பெயர்த்துப் பெயர்த்துக் கடைசியில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் தந்தையார் வேலையில் அமர்ந்தார். நான் அப்போது கைக்குழந்தை. ஒன்றாம் வட்டம், இரண்டாம் வட்டம் என்று எண் வைத்து எழுப்பிய அந்த நகரியத்திலே வளர்ந்து, படித்து, பின்னர் ஆசிரியனாகி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். எண்களோடு எனக்குள்ள உறவு வீட்டு முகவரியிலேயே தொடங்கிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆண்டுக்கு ஒருமுறை தந்தையார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்துப் பாயின்மேல் விரிப்பார். அது அவருடைய வருங்கால வைப்பு நிதிக் கணக்குச் சீட்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த தொகை, அவர் சம்பளத்தில் பிடித்தது, நிறுவனம் சேர்த்தது, வட்டி, ஆண்டு இறுதியில் நிற்கும் தொகை ஆகிய இவ்வளவும் அதில் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் வராது. நான் எண்களை உரக்கப் படிப்பேன். அவர் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் மாதந்தோறும் தாமே குறித்து வைத்திருந்த கணக்கோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துப் பென்சிலால் கோடிடுவார்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவரைக் கேட்டேன்: "ஏம்பா, நம்மள ஏமாத்திடுவாங்கன்னு பயமா?"

"பயம் எதுக்குடா? நம்ம பணம் அடுத்தவங்க கையில இருக்கு. பாக்கணுமில்ல?" என்றார்.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது. ஒருவருடைய நன்மைக்கான பொருள் மற்றொருவர் கையில் இருக்கும்போது, அந்த நன்மைக்கு உரியவர் "என்ன இருக்கிறது? எங்கே இருக்கிறது? எதற்குச் செலவாயிற்று?" என்று கேட்கலாமா? கேட்டால், கையில் வைத்திருப்பவர் சொல்லத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு நம் நாட்டிலே ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கொடுப்பவர் ஒருவர், வைத்துக் காப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் ஒருவர். இம்மூவரும் சேர்ந்ததுதான் அறக்கட்டளை. கொடுப்பவர் பெரும்பாலும் மறைந்துவிடுவார். பயன் பெறுபவர் பெரும்பாலும் எளியவராக இருப்பார். சில வேளைகளில் பிறக்காத குழந்தையாகக்கூட இருப்பார். ஆகவே சாவி, பேரேடு, பத்திரம் அனைத்தும் நடுவில் இருப்பவரிடமே தங்கிவிடுகின்றன. அவரைத்தான் அறங்காவலர் என்றும், தர்மகர்த்தா என்றும் அழைக்கிறோம்.

இந்த ஆபத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வகுத்த விதிகள் அவை. குடவோலையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என் வகுப்பிலே நான் அதற்கு அடுத்த விதியைத்தான் அதிகம் வற்புறுத்துவேன். ஏரி வாரியத்திலோ தோட்ட வாரியத்திலோ ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. திருடினார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். கணக்குக் காட்டவில்லை என்பதே குற்றம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிற்றூர்ச் சபை இவ்வளவு தெளிவாக எண்ணியது என்பது எனக்கு இன்றும் வியப்பே. அந்த விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டாமல், ஊர் நடுவே இருந்த மண்டபச் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

இனி, கணக்கு வெளியே வராமற்போனால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

வள்ளல் பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் பிறந்தவர். அவர் பிறக்குமுன்பே தந்தையார் இறந்துவிட்டார். வறுமையில் வாடிய அக்குடும்பத்திற்குச் சென்னையில் பவுனி நாராயண பிள்ளை என்ற செல்வர் ஆதரவு தந்தார். வெள்ளையருக்கும் நம்மவருக்கும் நடுவிலே மொழி பெயர்த்து, வாணிகம் பேசி முடிப்பவர்களுக்கு அந்நாளில் துபாஷ் என்று பெயர். பச்சையப்பர் அத்தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். கோமளீசுவரன் பேட்டையில் வாழ்ந்து, கூவம் ஆற்றில் நீராடி வந்தவர் அவர். (கூவத்தில் நீராடுவதா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அந்நாளைய கூவம் வேறு!)

1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள், உடல் நலிந்திருந்த நிலையில், கும்பகோணத்தில் அவர் ஓர் உயில் எழுதினார். கோயில்களில் வழிபாட்டுக்கும், ஏழைகளுக்கும், கல்விக்கும் பயன்படத் தம் செல்வத்தை அறத்திற்கு ஒப்படைத்தார். ஒன்பது நாட்களுக்குப் பின், 31-ஆம் நாள், உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது நாற்பது.

உயில் இருந்தது, பொருளும் இருந்தது. அறம் நடந்ததா? நடக்கவில்லை. சொத்து பல கைகளில் சிக்கிக்கொண்டது, உறவினர்களின் உரிமை வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஆண்டுகள் உருண்டன. இங்கே உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த அறத்தின் பயனுக்கு உரியவர்கள் யார்? ஏதோ ஒரு கோயில் வாசலில் உணவுக்குக் காத்திருந்த ஏழை. எழுத்தறியாத ஒரு சிறுவன். தங்களுக்காக ஒருவர் பொருள் வைத்துவிட்டுப் போனார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எவ்வளவு என்பது தெரியாது. யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. தெரியாதவன் எப்படிக் கேட்பான்? பசித்தவனுக்கு உரிய சோறு அவனுக்குத் தெரியாத அறையில் பூட்டிக் கிடந்தது போன்ற நிலை அது.

ஆங்கில நாட்டு மரபில், தருமங்களுக்கு இறுதிக் காவலர் அரசே. பயனாளிகள் வாய் திறக்க முடியாத இடத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர் முன்வந்து வழக்குத் தொடுப்பார். அவர் கொடுக்கும் அம்மனுவுக்கு அந்நாட்டிலே வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'தகவல்' என்பதே அதன் பெயர். மறைந்து கிடப்பதை நீதிமன்றத்துக்கு அறிவிப்பது என்பது பொருள். 1801-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கு அம்மரபும் உடன் வந்தது. தலைமை வழக்கறிஞராயிருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் பச்சையப்பர் அறத்தின் சார்பில் முயற்சி எடுத்தார். அவருக்குப் பின்னர் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதைத் தொடர்ந்து முன்னெடுத்தார். 1832-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. உயில் எழுதி முப்பத்தெட்டு ஆண்டுகள்!

கோயில் அறங்களுக்கென ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்ற கணக்கில் அது மூன்றரை லட்சம் ரூபாய். எஞ்சி நின்ற பெருந்தொகையைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்பது நார்ட்டனின் யோசனை. அதன்படி அறங்காவலர் குழு ஒன்று அமைந்தது. 1842-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. அது பிற்காலத்தில் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுசனும் அறிஞர் அண்ணாவும் அங்கே பயின்றவர்கள் என்பது நீங்கள் அறிந்ததே. உயில் எழுதிய நாளுக்கும் பள்ளி திறந்த நாளுக்கும் நடுவே ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள். அவ்வளவு காலத்தில் எத்தனை சிறுவர்கள் எழுத்தறியாமலே முதியவர்களாயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அந்த வழக்கின் உண்மையான செலவு அதுதான் என்று தோன்றுகிறது.

தனிமனிதர் அறத்தின் கதை இது. கோயில் சொத்துகளின் கதை இன்னும் நெடியது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், சத்திரம் முதலியவற்றின் சொத்துகளை மேற்பார்வையிடும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. பிற சமயக் கோயில்களைக் கிறிஸ்தவ அரசு நிர்வகிக்கலாமா என்ற எதிர்ப்பு எழவே, 1840-களில் கும்பினியார் கையைக் கழுவிக்கொண்டார்கள். 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அந்தப் பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் ஒப்படைத்தது. கூடவே, கோயிலில் அக்கறையுள்ள எவரும் நிர்வாகத் தவறு குறித்து வழக்குத் தொடுக்கலாம் என்றும் சொன்னது. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் 1920-களில் சட்டம் இயற்றி அறநிலைய வாரியம் அமைத்தார்கள். 1951, 1959-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதை அரசுத் துறையாக்கின.

நெய்வேலிக்கு அண்மையில் உள்ள சிதம்பரத்தில் இதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. நடராசர் கோயில் பொதுத் தீட்சிதர்களின் தனிச் சொத்தா, மக்களுக்குப் பொதுவான கோயிலா? தனிச் சொத்து என்றால் கணக்குக் கேட்க வெளியாருக்கு வழியில்லை. 1890-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயரும் ஷெப்பர்டும் அமர்ந்து, தனிச் சொத்து என்பதற்குச் சான்று இல்லை, அது பொதுக் கோயிலே என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் பொதுக் கோயிலின் கணக்கை யார் பார்ப்பது என்பது அதோடு முடிந்துவிடவில்லை. 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரசு அங்கே செயல் அலுவலரை அமர்த்தியது செல்லாது என்றது. 2022-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அறநிலையத் துறையினர் கணக்கைப் பார்வையிடச் சென்றபோது தீட்சிதர்கள் இசையவில்லை. இரு தரப்பாரும் தத்தமக்குச் சட்டம் காட்டுகிறார்கள். நிர்வகிக்கும் உரிமையும் கணக்கைக் காணும் உரிமையும் வேறுவேறு என்பது மட்டும் என் சொந்தக் கருத்து. முன்னது ஒருவரிடம் இருக்கலாம்; பின்னது வழிபடும் மக்கள் அனைவருக்கும் உரியது.

இனிச் சட்டத்தின் சொற்களுக்கு வருவோம். தனியார் அறக்கட்டளைகளுக்கென 1882-ஆம் ஆண்டில் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 19-ஆம் பிரிவு, அறங்காவலர் தெளிவும் துல்லியமும் உள்ள கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. பயனாளி கேட்டால், தக்க நேரத்தில், சொத்து எவ்வளவு, எந்நிலையில் இருக்கிறது என்பதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. 57-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, அறக்கட்டளைப் பத்திரத்தையும், சொத்துப் பத்திரங்களையும், கணக்குகளையும், ரசீதுகளையும் பயனாளி நேரில் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அறங்காவலர் தம் கடமை குறித்து வழக்கறிஞரிடம் பெற்ற ஆலோசனையையுங்கூடக் காணலாம். அந்த ஆலோசனைக்கான கட்டணம் யார் பணத்திலிருந்து போயிற்று என்று எண்ணினால் அதன் நியாயம் விளங்கும்.

ஆனால் அச்சட்டம் பொது அறங்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் வழி ஒன்று இருந்தது. 1877-இல் 539-ஆம் பிரிவாகத் தோன்றி, 1908-இல் 92-ஆம் பிரிவானது அது. அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, தலைமை வழக்கறிஞரின் இசைவு பெற்று வழக்குத் தொடுக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர் நீதிமன்றத்தின் அனுமதி போதும். இது பெரிய மருந்து. சிறு நோய்க்கு உதவாது. ஆகவே 1920-ஆம் ஆண்டு பதினான்காம் சட்டம் வந்தது. அக்கறையுள்ள ஒரே ஒருவர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்து, அறத்தின் நோக்கம், சொத்தின் மதிப்பு, நிலை, நிர்வாகம், வருமானம் ஆகிய விவரங்களைத் தரும்படி அறங்காவலருக்கு ஆணை பெறலாம். முந்திய மூன்றாண்டுக் கணக்கைத் தணிக்கை செய்யவும் கேட்கலாம். பச்சையப்பர் காலத்தில் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாடு 1997-இலேயே அவ்வகைச் சட்டம் ஒன்று இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. அது அரசு அமைப்புகளுக்கும், அரசின் பணம் கணிசமாகப் பெறும் அமைப்புகளுக்கும் உரியது. கல்வி நிலையங்கள் நடத்தும் அறக்கட்டளையும் அப்படிப் பணம் பெற்றால் அச்சட்டத்திற்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மற்ற அறக்கட்டளைகளிடம் மேற்சொன்ன பழைய வழிகளிலேதான் கேட்க வேண்டும்.

கேட்டதையெல்லாம் அறங்காவலர் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இல்லை. இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1964-இல் லண்டன்டெரி குடும்ப அறக்கட்டளை வழக்கில் ஒரு வரம்பு கட்டியது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை அறங்காவலருக்கு இருக்குமானால், அம்முடிவுக்கான காரணங்களை அவர்கள் வெளியிடத் தேவையில்லை என்பது அது. இரண்டு உதவித்தொகைக்கு மூன்று மாணவர்கள் வந்தால், எவருடைய வீட்டு வறுமை மிகப் பெரிது என்று அறைக்குள் பேசியதை ஊரறியச் சொல்வது நன்றன்று. ஆனால் பெட்டியில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வெளியே போயிற்று என்பதை மறைக்க முடியாது. 2003-இல் மான் தீவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இதை வேறு கோணத்தில் விளக்கியது: ஆவணங்களைக் காணும் வாய்ப்பு, அறக்கட்டளைகளை மேற்பார்க்கும் நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து பிறக்கிறது, எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதை நீதிமன்றம் எடைபோடும்.

தந்தையாரின் சீட்டும் இந்த வரலாற்றின் ஒரு கிளையே. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின்கீழ், பெரிய நிறுவனங்கள் விலக்குப் பெற்றுத் தாமே அறங்காவலர் குழு அமைத்து நிதியைக் காக்க இடமிருந்தது. குழுவில் நிறுவனத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் கணக்குச் சீட்டு தர வேண்டும். 1882-இல் பயனாளி சென்று கேட்க வேண்டியிருந்தது. இப்போதோ கேட்காமலே கணக்கு அவனைத் தேடி வந்தது.

இவ்வளவும் அறிந்த நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு சிறு நிதிக்கு மூன்று அறங்காவலருள் நானும் ஒருவன். மறைந்த கணித ஆசிரியர் ஒருவர் நினைவாக அவருடைய பழைய மாணவர்கள் சேர்த்த தொகை அது. ஆண்டு வட்டியில் இரண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் தர வேண்டும். ஒருநாள் ஒரு தாய் தன் மகளோடு வந்தார். ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி.

"சார், பழைய பசங்க குடுத்த பணம் இருக்குதாமே. எவ்வளவு இருக்குது? போன வருசம் யாருக்குக் குடுத்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டு நாணயமாக வேலை பார்த்தவனிடமா இந்தக் கேள்வி? "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை அலமாரியைத் திறந்து அந்தப் பேரேட்டை எடுத்தேன். இரண்டு ஆண்டுகளாக அதில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. வைப்புத் தொகை வங்கியில் தானாகவே புதுப்பிக்கப்பட்டு, வட்டியும் முதலோடு சேர்ந்துகொண்டே இருந்தது. ஒரு காசும் களவு போகவில்லை. ஆனால் நான்கு பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. மற்ற இருவரும் நான் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தார்கள்; நான் எவரும் கேட்கவில்லையே என்று இருந்திருக்கிறேன்.

அந்தத் தாயைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். தவறிய தொகையை அவ்வாண்டே நான்கு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தோம். அவருடைய மகளும் அவர்களுள் ஒருத்தி. அடுத்த சூன் மாதம் பள்ளி திறந்த நாளில், முதல், வட்டி, செலவு, இருப்பு என்று ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பெற்ற பிள்ளைகளின் பெயர்களை மட்டும் எழுதவில்லை.

மாலையில் அந்தப் பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், செலவுக் கூட்டல்ல அறுபது ரூபா தப்பா இருக்கு."

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்திட்டேன்.